வீட்டுத் திண்ணைக்கு வெற்றிலைக் கொடியா, மணி பிளாண்டா?

காவிரியின் கீழ்க்கரையில், பவானிக்கு எதிரே அமைந்துள்ள குமாரபாளையத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வீட்டு முற்றத்தில் ஒரு கொடியேனும் படரவிட வேண்டுமென்னும் விருப்பம் குடியானவர் பலரிடத்தும் காணப்படுகின்றது. பெரும்பாலும் எழும் வினா, வெற்றிலை வைப்பதா அன்றி மணி பிளாண்ட் வைப்பதா என்பதே. இரண்டும் இதய வடிவ இலையுடையவை, கணுக்களில் வேர்விட்டுப் பற்றி ஏறுபவை, நிழலைத் தாங்குபவை. அவ்வளவோடு ஒற்றுமை முடிந்தது.

வெற்றிலை, மிளகுக்கும் திப்பிலிக்கும் உறவு. மணி பிளாண்டோ, பசிபிக் கடலிலுள்ள மூரேயா தீவில் தோன்றி உலகெங்கும் பரவியது. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. கருணையை அரியுங்கால் கையில் நமைச்சல் உண்டாவதைப் பெண்டிர் நன்கறிவர். அந்நமைச்சலை விளைவிக்கும் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்கள் மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் உள. இலையை மென்றால் வாயும் நாவும் எரிந்து வீங்கும், எச்சில் வடியும், வாந்தியும் உண்டாகலாம். ஆகவே தவழும் குழந்தையும், கட்டுத்தறியில் கன்றும் உள்ள வீட்டில் அதனைக் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். இரண்டு கொடிகளையும் அருகருகே வளர்த்தல் அதனினும் தவறு. பார்வை மங்கிய முதியோர் மாலை வேளையில் தாம்பூலத்திற்கு இலை கிள்ளுங்கால் எதனைக் கிள்ளினர் என்பது வாயிலிட்ட பின்பே தெரியவரும். மஞ்சள் வரியோடிய தடித்த இலை மணி பிளாண்ட். கசக்கினால் காரமணம் வீசுவது வெற்றிலை.

பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் அகத்தியின் நிழலில் கொடிக்கால் வைத்துள்ளோர்க்கு வெற்றிலையின் குணம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அதற்கு ஈரமும் வேண்டும். ஆயின் வேரடியில் ஜலம் தேங்கலாகாது. தேங்கினால் வாடல் நோய் பற்றிக் கொடி திடீரெனச் சாயும். அவ்வாறு சாய்ந்ததை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அதே மண்ணில் மறுகொடி ஊன்றாதிருத்தல் நலம். சித்திரை, வைகாசி மேற்கு வெயில் படும் சுவரும் அதற்கு ஆகாது. கிணற்றடியில் கிழக்கு முகமாய் நிழலுள்ள மூலை தகுதியானது. பச்சையாய் உண்ணும் இலையாதலின் பூச்சி மருந்து தெளிக்கலாகாது.

நாள்தோறும் கவனிக்க ஆளில்லாத வீட்டிற்கும், வெளிச்சம் குறைந்த உள்ளறைக்கும் மணி பிளாண்டே ஏற்றது. அது சில நாள் நீரின்றியும் பொறுக்கும். செல்வம் தரும் என்னும் பேச்சு மட்டும் கடைக்காரருக்குப் பயனளிப்பது. அதனைப் போத்தல் நீரில் வளர்ப்போர் வாரம் ஒருமுறை தவறாது நீரைக் கொட்டி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்; டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். களையும் கொடியை வாய்க்காலிலும் தோப்பிலும் எறிதலும் கூடாது. இலங்கையில் இது காட்டுக்குள் புகுந்து மரங்களை மூடிப் படர்ந்துள்ளது. துண்டுகளை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குப்பையில் சேர்த்தல் வேண்டும்.