கட்டணமும் காவலும்

நம் நாட்டின் கைப்பேசிக் கட்டணம் உலகத்திலேயே மலிவானவற்றுள் ஒன்று என்று சர்க்காரும் கம்பெனிகளும் அடிக்கடி பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அந்தப் பெருமையில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது, எதனால் நிலைத்தது, இனி எத்தனை காலம் நிலைக்கும் என்பவற்றைச் சாமானிய ஜனங்களுக்கு விளக்கிச் சொல்வார் அரியர். வியாபாரிகளின் தாராள குணத்தால் அது வந்ததன்று. விஞ்ஞானத்தின் முன்னேற்றம் ஒன்றினால் மட்டும் வந்ததுமன்று. புதிதாக வருகிறவர் சந்தைக்குள் நுழையவும், அதிருப்தி கொண்ட வாடிக்கையாளர் வேறிடம் போகவும் வழி திறந்திருந்த காலத்திலெல்லாம் கட்டணம் இறங்கிற்று. அவ்வழி குறுகிய காலத்தில் அது ஏறத் தொடங்கிற்று. முப்பது ஆண்டுச் சரித்திரம் நமக்குப் போதிக்கும் பாடம் இதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரே கையில் எல்லா அதிகாரமும்

1995 ஜூலை 31ஆம் தேதி, மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசியபோது இந்தியாவில் கைப்பேசிச் சேவை ஆரம்பமாயிற்று. அந்நாளில் உச்ச நேரத்தில் ஒரு நிமிடம் பேசுவதற்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். தாம் அழைத்தால் மட்டுமன்று, பிறர் தம்மை அழைத்தாலும் காசு கரைந்தது. அழைப்பு வந்தவுடன் பாதிப் பேச்சிலேயே துண்டித்துவிட்டு, அருகிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குச் சென்று திரும்ப அழைத்தவர்கள் எத்தனையோ பேர். கைப்பேசி என்பது தனவந்தர்களின் ஆடம்பரச் சாதனமாகவே அப்போது இருந்தது.

இதற்குக் காரணம் கருவியின் விலை மட்டுமன்று. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி தகவல் தொடர்பின் ஏகபோக உரிமை சர்க்காருக்கே இருந்தது. அந்த உரிமையின் ஒரு பகுதியைத் தனியாருக்கு லைசென்சாக வழங்கிய தொலைத்தொடர்புத் துறையே, அதே சந்தையில் தானும் தொலைபேசிச் சேவை நடத்திற்று. கொள்கை வகுத்ததும், தகராறு எழுந்தால் தீர்ப்புச் சொன்னதும் அத்துறையே. இத்தனை அதிகாரமும் ஒரே கையில் குவிந்திருக்கும் இடத்தில், எதிரே நிற்கும் வியாபாரிக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எப்படிப் பிறக்கும்? அந்த நம்பிக்கையை உண்டாக்கும் உத்தேசத்துடன்தான் 1997ஆம் ஆண்டில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், நிறுவப்பட்டது.

பிறந்தவுடனேயே அந்த ஸ்தாபனம் தன்னைப் பெற்ற துறையோடு வழக்காட நேர்ந்தது. லைசென்ஸ் நிபந்தனைகளில் ஆணையத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்ற பிரச்சினையில் 1998இல் டில்லி உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆணையத்துக்குப் பாதகமாயிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தகராறுகளைத் தீர்க்கும் பணி தனியானதொரு தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விதி வகுப்பதும் கட்டணத்தைக் கண்காணிப்பதும் ஆணையத்தின் கடமைகளாக நின்றன. இதற்கிடையில், ஏலத்தில் தாங்கள் ஒப்புக்கொண்ட லைசென்ஸ் தொகையைக் கட்ட இயலாமல் தத்தளித்த கம்பெனிகளுக்கு, வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும் என்ற சலுகையை 1999ஆம் ஆண்டுக் கொள்கை அளித்தது. போட்டி வேர்பிடித்தது அதன் பிறகுதான்.

இணைப்பே உயிர்நாடி

கடைகள் பல திறந்திருப்பதால் மட்டும் தொலைபேசிச் சந்தையில் போட்டி ஏற்பட்டுவிடுவதில்லை. சோப்பு வாங்குகிறவருக்கு அடுத்த வீட்டார் எந்தச் சோப்பை உபயோகிக்கிறார் என்ற கவலை வேண்டியதில்லை. தொலைபேசி வாங்குகிறவரோ, அடுத்த வீட்டாரோடு பேசுவதற்காகவே அதை வாங்குகிறார். ஒரு கம்பெனியின் சந்தாதாரர் மற்றொரு கம்பெனியின் சந்தாதாரரை அழைத்தால், அந்த அழைப்பு இரண்டு வலைப்பின்னல்களும் சந்திக்கும் இணைப்பு முனையைக் கடந்தாக வேண்டும். அந்த முனையில் போதிய தடங்களை அளிக்கப் பெரிய கம்பெனி மறுத்தாலோ, தாமதித்தாலோ, அதிகக் கூலி கேட்டாலோ, நேற்று வந்த சிறிய கம்பெனி எத்தனை மலிவாக விற்றாலும் அதை எவரும் வாங்கமாட்டார்கள். பேச முடியாத தொலைபேசியினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவேதான் இந்த இடையிணைப்பு எவ்வளவு கூலிக்கு நடக்கவேண்டும் என்பதை ஆணையமே நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. 2003ஆம் ஆண்டு மே மாதம் முதல் அழைப்பவரே செலவை ஏற்பது என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வரும் அழைப்புகள் இலவசமாயின. அழைப்பைத் தொடங்கும் கம்பெனி, அதை முடித்துவைக்கும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை காசு தரவேண்டும் என்ற விகிதமும் விதிக்கப்பட்டது. அந்த விகிதம் 2009இல் 20 காசாகவும், 2015இல் 14 காசாகவும், 2017 அக்டோபரில் 6 காசாகவும் இறங்கி, 2021 ஜனவரி முதல் தேதியன்று அடியோடு நீங்கிற்று. விளம்பரப் பலகைகளில் காணக்கிடைக்காத இந்தச் சில காசுகளின் கணக்குத்தான், அளவில்லாமல் பேசலாம் என்ற இன்றைய வழக்கத்துக்கு அடிப்படைகளுள் ஒன்று. வியாபாரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம்: பேச்சு என்றென்றைக்கும் இலவசம் என்று சொல்லி வந்த ஜியோ கம்பெனி, 6 காசு நீங்குவது தாமதமாகும் என்ற நிலை ஏற்பட்டவுடன், 2019 அக்டோபரில் அந்த 6 காசைத் தன் வாடிக்கையாளர்களிடமே வசூலிக்கத் தொடங்கிற்று.

அதே ஜியோ 2016 செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது, பழைய கம்பெனிகள் தனக்குப் போதிய இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று முறையிட்டது. விசாரித்த ஆணையம், ஏர்டெல், வோடபோன், ஐடியா ஆகிய மூன்றின் மீதும் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று அவ்வாண்டு அக்டோபரில் சிபாரிசு செய்தது. சிபாரிசுதான் செய்ய முடிந்தது. தானே விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அபராதத்தைக் கட்டும்படி சர்க்கார் நோட்டீஸ் அனுப்பியபோது 2021ஆம் ஆண்டு ஆகிவிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து வரும் தண்டனை எந்தச் சந்தையில் யாரைத் திருத்தும்?

வெளியேறும் உரிமை

உள்ளே நுழையும் வழிக்கு நிகரான முக்கியத்துவம் வெளியேறும் வழிக்கும் உண்டு. எண் மாறினால் உறவும் தொழிலும் அறுந்துபோகும் என்று அஞ்சி, அதிருப்தியோடே ஒரு கம்பெனியில் கட்டுண்டு கிடந்த வாடிக்கையாளருக்கு, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் தேசமெங்கும் கிடைத்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, திரும்பி வரும் எட்டெழுத்துக் குறியீட்டைப் புதிய கம்பெனியின் கடையில் காட்டினால் போதும்.

இந்த உரிமையின் மகத்துவத்தையும், அதன் பலவீனத்தையும் சேர்த்தே தமிழ்நாடு கண்டது 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில். இங்கேயே பிறந்து வளர்ந்து, கோடிக்கணக்கான தமிழர் கைகளில் இருந்த ஏர்செல், கடன் சுமையால் நிலைகுலைந்து, முன்னறிவிப்பில்லாமல் ஊர் ஊராக சிக்னலை இழந்தது. எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். சிக்னலே இல்லாத கைப்பேசியிலிருந்து குறுஞ்செய்தியை எப்படி அனுப்புவது? வங்கிக் கணக்கும் ஆதாரும் சமையல் வாயுப் பதிவும் அந்த ஓர் எண்ணோடு பிணைந்திருந்த குடும்பங்கள், கம்பெனியின் காரியாலய வாசல்களில் கூட்டமாக நின்று தவித்தன. தொலைபேசி எண் என்பது இன்று ஒரு பிரஜையின் விலாசம். அதை வழங்கிய கம்பெனி விழுந்தாலும் விலாசம் விழாதிருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது காவலின் முதற் கடமை.

இலவசத்தின் பின்விளைவு

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே வட்டாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வாடிக்கையாளரைத் தேடி அலைந்தன. நிமிடக் கணக்கு போய் விநாடிக்கு ஒரு காசு என்ற கணக்கு வந்ததும் அக்காலத்தில்தான். ஜியோ வந்த பிறகு, 2016 செப்டம்பர் முதல் 2017 மார்ச் வரை பேச்சும் டேட்டாவும் இலவசமாகவே கிடைத்தன. ஜனங்கள் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்ததில் தவறில்லை, ஏனெனில் இணையம் ஏழையின் கைக்கு எட்டியது அப்போதுதான். ஆயினும் போட்டியாளரை அழிக்கும் கருத்துடன் அடக்க விலைக்குக் கீழே விற்பதை எவ்வாறு கண்டறிவது, எவர் தடுப்பது என்ற கேள்விக்கு நம் சட்டம் தெளிவான விடை தரவில்லை. புதிதாக வந்த கம்பெனிக்கு ஆதிக்க நிலை இல்லை, ஆகவே குற்றமுமில்லை என்று 2017இல் இந்தியப் போட்டி ஆணையம் ஜியோ மீதான புகாரைத் தள்ளிற்று. 2018 பிப்ரவரியில் டிராய் இதற்கென வகுத்த விதிகள் பெரிய கம்பெனிகளின் கையை மட்டும் கட்டுகின்றன என்று ஆட்சேபம் எழுந்து, அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் அவற்றின் முக்கியப் பகுதியை ரத்து செய்தது.

விதியின்றி நின்ற அந்த இடைக்காலத்திலேயே சந்தை சுருங்கிவிட்டது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ஏர்செல், டெலினார், டாடாவின் கைப்பேசிச் சேவை ஆகியவை மறைந்தன. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. அலைக்கற்றை ஏலங்களில் வாங்கிய கடனும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எஞ்சியவை தனியார் கம்பெனிகள் மூன்றும், பொதுத்துறையின் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஸ்தாபனங்களுமே. அதன் பிறகு 2019 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2024 ஜூலையிலும் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளிகளில் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. கலந்து பேசி உயர்த்தினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. மூவர் மட்டுமே நிற்கும் சந்தையில் கலந்து பேசவேண்டிய அவசியமே இல்லாமற்போகிறது என்பதுதான் என் கவலை. 2024 உயர்வுக்குப் பின் சில மாதங்கள் லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறிய செய்தி, நான்காவதாக ஒரு போட்டியாளர் வலுவோடு நிற்கவேண்டியதன் அவசியத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று.

இருபத்தெட்டு நாள் மாதம்

இனி இந்தப் பெரிய விவகாரம் ஒரு சிற்றூர் ரீசார்ஜ் கடையில் 2024 வரை எவ்விதம் காட்சியளித்தது என்று பார்ப்போம். சாதாரண போன் ஒன்றைச் சுருக்குப்பையில் வைத்திருக்கும் மூதாட்டி வருகிறாள். "தம்பி, எனக்கு நெட்டெல்லாம் வேணாம்ப்பா. மகன் கூப்பிட்டா பேசணும், அவ்வளவுதான். குறைஞ்சதாப் பாத்துப் போடு" என்கிறாள். "அப்படித் தனியா இல்ல பாட்டி, எல்லாம் சேந்துதான் வரும். இருபத்தெட்டு நாளைக்கு இதுதான் குறைஞ்சது" என்று கடைக்காரப் பையன் பதில் சொல்கிறான். தான் ஒருநாளும் தொடாத டேட்டாவுக்கும் சேர்த்தே அவள் பணம் எண்ணிக் கொடுக்கிறாள். மாதமென்று நினைத்துக் கட்டுகிற அந்த இருபத்தெட்டு நாட்களைக் கூட்டிப் பார்த்தால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை அவள் அந்தக் கடைக்கு வரவேண்டியிருக்கிறது.

இவ்விரண்டு குறைகளையும் ஆணையம் கவனிக்காமலில்லை. முப்பது நாள் வேலிடிட்டியும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் வசதியும் கொண்ட திட்டங்கள் கட்டாயம் இருக்கவேண்டும் என்று 2022 ஜனவரியிலும், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் தனியே தரவேண்டும் என்று 2024 டிசம்பரிலும் அது உத்தரவிட்டது. ஆனால் அவற்றின் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம். கைப்பேசிக் கட்டணத்தில் தலையிடாமல் விலகி நிற்பதே நெடுநாளாக ஆணையத்தின் கொள்கை. கம்பெனி ஒரு கட்டணத்தை அறிமுகப்படுத்திய ஏழு வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். இருந்தும் ஒரு விசேஷம் நிகழ்ந்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் பேச்சு மட்டுமான திட்டங்களை வெளியிட்டபோது, அவற்றின் விலையைப் பரிசீலிக்கப் போவதாக ஆணையம் அறிவித்தது. சில நாட்களுக்குள் அவை சற்றே விலை இறங்கின. உத்தரவிடாமலேயே, உற்று நோக்குவதாகச் சொன்ன மாத்திரத்தில் விலை இறங்குமானால், அந்த நோக்கு இத்தனை காலம் எங்கே இருந்தது?

செய்யவேண்டுவன

ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் டில்லியிலிருந்து விலை குறித்து அனுப்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேர் போட்டியிட்ட காலத்தில் ஆணையம் விலகி நின்றது விவேகமே. மூவர் நிற்கும் காலத்திலும் அதே விலகலை மேற்கொள்வது விவேகமன்று. ஆண்டுக்கொரு முறை கட்டணங்களையும் அவற்றின் நியாயத்தையும் ஆராய்ந்து ஜனங்கள் முன் வைப்பது, இணைப்பு மறுக்கும் கம்பெனிக்குத் தானே அபராதம் விதிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் பெறுவது, விழும் கம்பெனியின் வாடிக்கையாளரைத் தானாகவே வேறிடம் சேர்க்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள்.

நான்காவதொன்றும் உண்டு. வருமானத்தைக் கணக்கிடும் முறை பற்றிய 2019 அக்டோபர் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் நிலுவை மலைபோல் குவிந்த வோடபோன் ஐடியாவில், பாக்கிக்கு ஈடாகப் பங்குகளைப் பெற்று, 2025இல் மத்திய சர்க்கார் 48.99 சதவீதப் பங்குதாரராகியுள்ளது. லைசென்ஸ் வழங்குவதும், கட்டணம் வசூலிப்பதும், பி.எஸ்.என்.எல்.லை நடத்துவதும், ஒரு தனியார் கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருப்பதும் மறுபடியும் ஒரே கை. 1997இல் ஆணையம் எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ, அந்தக் காரணம் இன்று முன்னிலும் வலுத்திருக்கிறது. ஆகையால் ஆணையத்தின் சுதந்திரமும் முன்னிலும் வலுக்கவேண்டும்.

அந்தச் சுதந்திரத்துக்கு உண்மையான பலம் பிரஜைகளிடமிருந்தே வரவேண்டும். 2015இல் இணையத்தைப் பாரபட்சமின்றி வைத்திருக்கவேண்டுமா என்று ஆணையம் கருத்துக் கேட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்று குவிந்தன. 2016 பிப்ரவரியில், தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றி வைப்பதை ஆணையம் தடை செய்தது. ஒவ்வொரு முக்கிய முடிவுக்கு முன்பும் ஆணையம் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு எவரும் எழுதலாம் என்று அழைக்கிறது; கம்பெனிகளின் வக்கீல்கள் தவறாமல் எழுதுகிறார்கள். அந்த அறிக்கைகள் தமிழிலும் பிற பாஷைகளிலும் வெளிவந்து, ரீசார்ஜ் கடை வரை சென்று சேர்ந்து, மாதந்தோறும் பணம் கட்டுகிறவர்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்களானால், கட்டணம் நிர்ணயமாகும் இடத்தில் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கும் ஓர் ஆசனம் கிடைத்ததாகும். அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பெற்றதைப் பயன்படுத்துவது நம் கடமை.