மாலினி பொன்சேகா: உழைத்து வாழ்ந்த ஒரு நடிகை

எமது தமிழ்ப் பெண்களில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது மாலினி பொன்சேகாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "பைலட் பிரேம்நாத்திலை சிவாஜிக்குச் சோடியா நடிச்சவா" என்ற பதில் உடனே வரும். 1978ஆம் ஆண்டு இலங்கை–இந்தியக் கூட்டுத் தயாரிப்பாக, ஏ.சி. திருலோகசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த படம் அது. சிவாஜியின் மகளாக ஸ்ரீதேவி நடித்திருந்தார். அந்தக் காலத்தில் எமது ஊர்ப் பெண்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த ஒரு படத்தோடு எமக்கும் அவருக்குமான அறிமுகம் முடிந்துபோனது என்பதுதான் கவலைக்குரியது. நூற்று நாற்பதுக்கும் அதிகமான படங்களில் நடித்து, சிங்கள சினிமாவின் ராணி என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணை, சிவாஜியின் சோடி என்ற அளவிலேயே நாம் தெரிந்து வைத்திருக்கிறோம். இந்தியாவிலிருந்து வரும் நடிகைகளின் சேலையும் நகையும் எமக்கு மனப்பாடம். பக்கத்து ஊரில் வாழ்ந்த நடிகை எமக்கு அந்நியமானவர்.

மாலினி 1947 ஏப்ரல் 30ஆம் திகதி பிறந்தவர். களனிப் பகுதியில் வளர்ந்தார். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பம் அது, வசதியான குடும்பமல்ல. பாடசாலைக் காலத்திலேயே நடனத்திலும் நாடகத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1963இல், அதாவது பதினாறு வயதளவில், மேடை நாடகத்துக்கு வந்துவிட்டார். 'அக்கால் வெஸ்ஸ' என்ற நாடகத்தில் அவர் நடித்ததைத் தொடர்ந்து 1968இல் 'புஞ்சி பபா' திரைப்படத்தில் வாய்ப்புக் கிடைத்தது. அதன் இயக்குனர் திஸ்ஸ லியனசூரிய. அறுபதுகளில் நடுத்தரத்துக்குக் கீழ்ப்பட்ட குடும்பமொன்றிலிருந்து ஒரு இளம்பெண் நாடகத்துக்குப் போவதென்றால் ஊர்வாய் எப்படிப் பேசியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சிங்களக் கிராமமானாலும் தமிழ்க் கிராமமானாலும் இந்த விடயத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. பின்னாளில் அவருடைய சகோதரி தமயந்தியும் சகோதரரின் பிள்ளைகளும் நடிப்புத் துறைக்கு வந்தார்கள். முதலில் போனவர் வாங்கிய பேச்சில்தான் பின்னால் போனவர்களுக்கு வழி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அவரை உலகறியச் செய்த படம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய'. 'புதையல்' என்பது இதன் பொருள். ஜீ.பி. சேனாநாயக்கவின் கதையைத் தழுவிய இந்தப் படம் 1972இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. சிங்கள சினிமாவின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 1997இல் நடந்த தெரிவில் மிகச்சிறந்த சிங்களப் படம் என்ற இடமும் அதற்கே கிடைத்தது. நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி, அதன் தயாரிப்பாளர் அந்தோனிப்பிள்ளை என்ற தமிழர் என்பது. சிங்கள சினிமாவின் தொடக்கத்திலும் வளர்ச்சியிலும் எஸ்.எம். நாயகம், கே. குணரத்தினம் போன்ற தமிழர்களின் முதலும் உழைப்பும் கலந்திருக்கின்றன. அது வேறொரு நாளைக்குச் சொல்ல வேண்டிய கதை.

'நிதானய'வின் கதை இதுதான். சொத்து அழிந்துகொண்டிருக்கும் பழைய குடும்பத்து ஆண் ஒருவன். புதையல் ஒன்று இருப்பதாக அவனுக்கு ஓர் ஏட்டின் மூலம் தெரிய வருகிறது. அதை எடுப்பதற்குக் கழுத்தில் நான்கு மச்சங்கள் உள்ள கன்னிப் பெண்ணைப் பலி கொடுக்க வேண்டும். அப்படியொரு பெண்ணைக் கண்டுபிடித்து அவளையே மணமுடிக்கிறான். அவள்தான் மாலினி நடித்த ஐரீன். அவன் நோயில் விழுந்தபோது அவள் பக்கத்திலிருந்து பராமரிக்கிறாள். அவனுக்கும் மனம் தடுமாறுகிறது. ஆனாலும் நேர்த்தி வைக்கப் போவோம் என்று சொல்லி அவளை அழைத்துப் போகிறான். அவள் நம்பிக்கையோடு போகிறாள். புதையல் கிடைக்கவில்லை. நடந்ததையெல்லாம் எழுதி வைத்துவிட்டு அவனும் உயிரை மாய்த்துக்கொள்கிறான். கணவனாக நடித்தவர் காமினி பொன்சேகா. பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்ல.

நான் பணியாற்றும் பகுதியில் பெண்கள் குழுவொன்றில் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். சீதனம் பற்றிய கலந்துரையாடலுக்கு இது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணித்தான் சொன்னேன். பேச்சு வேறு பக்கம் போனது. எல்லோரும் கேட்டு முடித்தபின் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, அவன் தன்ரை கதையை எழுதி வைச்சான் எண்டு சொல்லுறியள். அவள் என்ன நினைச்சாள் எண்டதை ஆர் எழுதினது?"

பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியல் படித்த மூன்று வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. படம் முழுவதும் கணவனின் வாக்குமூலம். ஐரீனின் பக்கத்துக்கு வசனமே குறைவு. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு எமக்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம் மாலினியின் முகந்தான். கணவனுக்குச் செய்யும் பணிவிடையில், சந்தேகமே இல்லாமல் அவனோடு புறப்படும் நடையில், அந்தப் பெண் யாரென்று அவர் காட்டிவிடுகிறார். வீட்டு வன்முறை பற்றிய பயிற்சிக் கைநூல்களில் "நம்பிக்கைத் துரோகம்" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சொல்லின் கனம் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அவர் தர்மசேன பத்திராஜவின் படங்களில் நடித்தார். 'ஏய தென் லொக்கு லமயெக்', 'பம்பறு எவித்', 'சொல்தாது உன்னெஹே' ஆகியன அவற்றுள் அடங்கும். முதற்படத்தில் நடித்தமைக்காக மொஸ்கோ திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசும் பெற்றார். 1978இல் வெளிவந்த 'பம்பறு எவித்' கரையோர மீனவக் கிராமமொன்றின் கதை. கொழும்பிலிருந்து பணத்தோடு வரும் இளைஞர்களால் அந்தக் கிராமத்தின் தொழிலும் உறவுகளும் சிதைகின்றன. கரையோரப் பகுதிகளில் வேலை செய்யும் எமக்கு அது பழைய படமாகத் தோன்றாது. மூன்றாவது படத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்ணாக வருகிறார். புகழின் உச்சியில் இருந்த கதாநாயகி ஒருவர் அப்படியொரு பாத்திரத்தை ஏற்றது அன்று துணிச்சலான காரியம். அந்தப் பாத்திரத்தை அவர் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் நடிக்கவில்லை. களைப்பும் எரிச்சலும் பகிடியும் உள்ள மனுஷியாக நடித்திருக்கிறார். இதே பத்திராஜதான் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தையும் எடுத்தவர்.

1980இல் வந்த 'பெத்தேகம' படத்துக்கும் எமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அது லியனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. இலங்கைக்கு அரச உத்தியோகத்தராக வந்த வூல்ஃப் முதலில் கடமையாற்றியது யாழ்ப்பாணத்தில். பிறகு அம்பாந்தோட்டைக்குப் போனபோது கண்ட வறண்ட காட்டுக் கிராமங்கள்தான் நாவலாயின. மாலினி புஞ்சி மெனிக்காவாக நடித்தார். வட்டிக்குக் கொடுப்பவன் ஒருவன் அவள்மீது ஆசை கொள்கிறான். ஊர்த்தலைவன் அவனுக்கு உடந்தை. களவு செய்ததாகப் பொய் வழக்குப் போட்டு அவளுடைய கணவனைச் சிறைக்கு அனுப்புகிறார்கள். கடன், அதிகாரம், பெண்ணின் உடல் என்ற மூன்றும் ஒரே முடிச்சில் வந்து நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இலங்கைப் படத்தை நான் பார்த்ததில்லை. நுண்கடன் கட்ட முடியாமல் வீட்டுக்குள் ஒளிந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் புஞ்சி மெனிக்காவை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

இவற்றுக்கு நடுவில் காமினி பொன்சேகா, விஜய குமாரதுங்க போன்றோருடன் ஏராளமான வெகுசனப் படங்களிலும் ஆடிப் பாடி நடித்தார். அவற்றில் பலவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. ஆனால் வீட்டுக்கு உழைக்கும் பெண் எல்லா நாளும் விரும்பிய வேலையை மட்டும் செய்ய முடியுமா?

1983 யூலைக் கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. பல படங்களின் சுருள்கள் அதோடு அழிந்தன. தமிழருக்கு மூட்டிய தீ சிங்கள சினிமாவின் நினைவையும் எரித்துவிட்டது. 1982இல் ரூபவாஹினி வந்திருந்தது. மக்கள் வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்க, நடிகர்கள் பலர் சின்னத்திரைக்குப் போனார்கள். மாலினியும் போனார். நடிகையாக மட்டுமல்ல, 'நிருபமாலா' போன்ற தொலைக்காட்சி நாடகங்களின் இயக்குனராகவும். அதே காலத்தில் 'சசர சேத்தனா' (1984), 'அஹிங்சா' (1987), 'ஸ்த்ரீ' (1991) முதலிய திரைப்படங்களையும் இயக்கினார். ஓர் ஆண் நடிகர் இயக்குனராகும்போது அடுத்த படி ஏறினார் என்பார்கள். நடிகை இயக்கினால் வாய்ப்புக் குறைந்துவிட்டது போலும் என்பார்கள். இந்தப் பார்வை எமது அலுவலகங்களிலும் உண்டு.

நடிகையின் முதுமையைப் பற்றிப் பேச வேண்டுமானால் 2008இல் வெளிவந்த பிரசன்ன விதானகேயின் 'ஆகாச குசும்' படத்தைப் பார்க்க வேண்டும். நாம் 'ஆகாயத் தாமரை' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து இப்போது மறக்கப்பட்டுவிட்ட நடிகை சந்தியா ராணியாக மாலினி வருகிறார். வருமானத்துக்காகத் தன் வீட்டு அறையொன்றை இளைய நட்சத்திரங்களின் கள்ள உறவுக்கு வாடகைக்கு விடுகிறார். அதனால் எழும் பரபரப்பில் பத்திரிகையாளர்கள் மீண்டும் அவரைத் தேடி வருகிறார்கள். கூடவே, தொழிலுக்காக முன்பு கைவிட்ட மகளின் விடயமும் வெளியே வருகிறது.

அறுபதை எட்டிய நடிகை, தன் தொழிலே இப்படித்தான் பெண்ணைப் பயன்படுத்திவிட்டு வீசும் என்று காட்டும் பாத்திரத்தில் நடிக்கிறார். ஆனால் தன்னைப் பற்றிக் கழிவிரக்கம் தேடவில்லை. மகளுக்குச் செய்த அநியாயத்தை மூடி மறைக்கவும் இல்லை. எமது தொலைக்காட்சித் தொடர்களில் தாய் என்றால் கண்ணீர், மாமியார் என்றால் நஞ்சு. தாய்மையில் தவறிய ஒரு பெண்ணைத் தண்டிக்காமல் நின்று கவனிக்கும் படங்கள் குறைவு. லெஸ்டரின் கடைசிப் படமான 'அம்மாவருனே'யில் படைவீரன் ஒருவனின் தாயாக அவர் நடித்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். போர்க்காலத்தில் வந்த படம் அது. மகனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் தாய்மாரை எமது பக்கத்தில் நான் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன்!

2010இல் சி.என்.என். தொலைக்காட்சி ஆசியாவின் தலைசிறந்த 25 நடிகர்களுள் ஒருவராக அவரைப் பெயரிட்டது. அதே ஆண்டில் ஆளும் கட்சியின் தேசியப் பட்டியல் மூலம் அவர் பாராளுமன்றம் சென்றார். 2015 வரை உறுப்பினராக இருந்தார். போர் முடிந்து ஒரு வருடமான நேரம் அது. வடக்கிலும் கிழக்கிலும் விதவைகளும் காணாமற்போனோரின் மனைவிமாரும் நிவாரணத்துக்கும் பதிலுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். திரையில் அத்தனை பெண்களின் துயரத்தைச் சுமந்தவரின் குரல் அங்கே அவர்களுக்காகவும் உரக்க ஒலித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கலைஞராக அவர்மீது நான் வைத்திருக்கும் மதிப்பு வேறு, இது வேறு.

மாலினி பொன்சேகா 2025 மே 24ஆம் திகதி கொழும்பில் தமது 78ஆவது வயதில் காலமானார். சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையுடன் இறுதிக் கிரியைகள் நடைபெற்றன. எமது குழுவிலும் அன்று அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரும்பாலோர் சிவாஜி படத்தைத்தான் நினைவுகூர்ந்தார்கள். தையல் அக்கா மட்டும், "கழுத்திலை மச்சம் இருந்த பிள்ளையோ செத்தது?" என்று கேட்டார்.