பற்றாசும் சுங்கானும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘கண்ணால் கண்டதும் பொய்’ என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அதன் பொருளை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய வானொலிப் பெட்டி.

என் தந்தையார் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். ஓட்டைக் குடங்களைப் பற்றவைப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். சென்ற பொங்கல் விடுமுறையில் வீட்டு வானொலியின் ஒலிபெருக்கிக் கம்பி அறுந்துவிட்டது. பெருமையோடு நானே பற்றவைத்தேன். இரண்டு நாள் பாடியது. மூன்றாம் நாள் ஓய்ந்துவிட்டது. “பெட்டி பழசு அப்பா” என்றேன். அவர் இணைப்பைக் கூர்ந்து பார்த்தார். “ஈயம் உருண்டு நிக்குது தம்பி. ஓடவே இல்லை” என்றார்.

அவர் சொன்னதைத்தான் இயற்பியல் ‘நனைத்தல்’ என்கிறது. தாமரை இலையில் நீர் உருண்டு நிற்கிறது. தூய கண்ணாடியில் பரவுகிறது. உருகிய ஈயமும் அப்படியே. செம்பின்மேல் ஆக்சைடுப் படலம் இருந்தால் அது ஒட்டாமல் உருளும். செம்பு தூய்மையாகவும் சூடாகவும் இருந்தால் பரவும்; அதிலுள்ள வெள்ளீயம் செம்போடு கூடி மெல்லிய படலமாகும். அதுவே பிடிப்பு.

பற்றவைக்கும் உலோகத்திற்குப் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். அவற்றை 63-க்கு 37 என்ற எடை விகிதத்தில் கலந்தால், வியப்பாக, 183 பாகையிலேயே உருகிவிடும்! காரீயம் நச்சு, ஆகவே காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, பின் கை கழுவ வேண்டும். 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதால், காரீயமற்ற பற்றாசும் பெருகியுள்ளது.

செய்முறை எளிது. கம்பி நுனியை உப்புத்தாளால் சுரண்டுக. ஆக்சைடை நீக்க ரோசின் இடுக. தந்தையார் பித்தளைக்கு இடும் நவச்சாரமும் இவ்வேலையைத்தான் செய்கிறது; ஆனால் அது மின்கம்பியை அரித்துவிடும். சூட்டுக்கோலால் கம்பியையும் முனையையும் ஒருசேரச் சூடாக்கி, பற்றாசைக் கோலின்மேல் அன்று, இணைப்பின்மேல் தொடுக. ஆறும் வரை அசைக்கலாகாது. நான் கோலில் ஈயத்தை உருக்கிக் கம்பியில் சொட்டவிட்டேன். பழுதுபார்ப்போர் இதனை ‘டிரை சால்டர்’ என்பர். பார்வைக்கு இணைப்பு; உண்மையில் இணைப்பு அன்று. பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, ரோசின் இட்டு மீண்டும் பற்றவைப்பதே மருந்து.

விடுமுறை முடிந்து வந்தபின், நம் நூலகத்தில் ஓவிய நூல் ஒன்றைப் புரட்டினேன். புகையிலை அடைத்துப் புகைக்கும் சுங்கான் பல ஓவியங்களில் இருந்தது. வான்கா 1888-இல் வரைந்த நாற்காலியின்மேல், சுங்கானும் புகையிலையும் ஆளில்லாத இடத்தில் ஆளை நினைவூட்டுகின்றன. பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1929-இல் ஒரு சுங்கானை அச்சுஅசலாக வரைந்து, ‘இது சுங்கான் அன்று’ என்று பிரெஞ்சில் கீழே எழுதிவைத்தார். முதலில் சிரித்தேன். பிறகு, அதில் புகையிலை அடைக்க முடியுமா என்று எண்ணினேன். முடியாது, அது சுங்கானின் படம். என் இணைப்பும் இணைப்பின் படமே!

தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. காரீயமற்ற பற்றாசில் நல்ல இணைப்புகூட மங்கலாகத் தோன்றும். மெல்ல இழுத்தும், மல்டிமீட்டரால் அளந்தும் பார்ப்பதே சோதனை.

தந்தையார் அருகிருக்க நான் மீண்டும் பற்றவைத்த வானொலி இன்றும் பாடுகிறது. நண்பர்களே, பற்றவைத்தல் பற்றித் தேர்வில் நான் எழுதிய விடைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதுவும் படத்துச் சுங்கான்தானோ என்று இப்போது ஐயுறுகிறேன். அடுத்த ஆண்டு நான் பட்டத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வேன். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப்போகும் தந்தையாருக்கு, அது வெறும் படமாக இருக்கக் கூடாது.