கூட்டாமல் விட்ட தொகை

தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடுமுன் பெற்றோர் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பதுண்டு. தமிழ் 72, ஆங்கிலம் 65, கணக்கு 81; மொத்தம் 218. படியெடுத்தவர் 72ஐ 27 என்று எழுதிவிட்டால், கூட்டும்போது 173தான் வரும், பிழை அகப்பட்டுவிடும்.

கணிப்பொறிகளும் இவ்வாறே செய்கின்றன. அவை செய்திகளைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் சரிபார்ப்புத் தொகை ஒன்று இருக்கும். பெறும் கணிப்பொறி தானும் கூட்டிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பொட்டலத்தைத் தள்ளிவிடும்.

1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் வெளியிட்ட யூ.டி.பி. விதிமுறை, இக்கூட்டலைச் செய்யாமல் விடவும் இடமளித்தது. அவ்வாறு விட்டால் தொகையின் இடத்தில் பூஜ்யம் எழுத வேண்டும். உண்மையாகவே கூட்டி விடை பூஜ்யமாக வந்தால்? அப்போது பதினாறு இடங்களிலும் ஒன்றை நிரப்பி 65535 என்று எழுத வேண்டும். ஆகவே அங்கே பூஜ்யம் இருந்தால், யாரும் கூட்டவில்லை என்றே பொருள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் 1980களில் சில நிறுவனங்கள், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் என்.எஃப்.எஸ். கோப்புப் பகிர்வு முறை விரைவாக இயங்க வேண்டுமென்று, இக்கூட்டலை நிறுத்தியே தம் கணிப்பொறிகளை விற்றன. ஒரே கட்டடத்துக்குள் ஈதர்நெட் கம்பிக்கென்று தனிச் சோதனை உண்டு. அது பெரும்பாலும் போதும். பொட்டலம் ரௌட்டரைக் கடக்கும்போதோ, பழைய சோதனை களையப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. ரௌட்டரின் உள்ளே ஓர் எண் கெட்டால், கெட்ட எண்ணுக்கே புதிய நற்சான்று கிடைத்துவிடும்! கோப்பு கெட்டது, அதைத் திறந்து படிக்கும் நாள்வரை ஒருவருக்கும் தெரியாது.

இது வீண் அச்சமன்று. ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, கம்பிச் சோதனையில் தேறி வந்தவற்றிலும் 1,100 முதல் 32,000 பொட்டலங்களுக்கு ஒன்று, டி.சி.பி.யின் சரிபார்ப்புத் தொகையில் தவறியது.

கூட்டல் நிறுத்தப்பட்டிருப்பதை எவ்வாறு அறிவது? டி.சி.பி.டம்ப் போன்ற நிரலால் பொட்டலங்களைப் பிடித்து, எட்டு பைட் கொண்ட யூ.டி.பி. முகப்பில் கடைசி இரண்டைப் பார்க்க வேண்டும். எப்போதும் பூஜ்யமே இருந்தால், அனுப்பும் கணிப்பொறி கூட்டுவதில்லை. பெறும் பக்கத்திலேயே பார்ப்பது நல்லது. இக்காலத்தில் வலையட்டையே கடைசி நேரத்தில் கூட்டுவதால், அனுப்பும் பக்கத்தில் சரியான தொகையும் தவறாகத் தோன்றக்கூடும்.

கூட்டலுக்கும் ஒரு குறை உண்டு. தமிழில் 81, கணக்கில் 72 என்று இடம் மாற்றி எழுதினாலும் மொத்தம் 218தான். அதனால் முக்கியமான கோப்புகளுக்கு, வரிசை மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கை இரு முனைகளிலும் போட்டு ஒப்பிடுகிறார்கள்.