விஞ்ஞானிக்கும் ஒரு பள்ளிக்கூடம்

காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டுத் திண்ணை. அங்கே ஒரு விஞ்ஞானி வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பட்டு என்பது ஃபைப்ராயின் என்னும் புரதம். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது" என்று தொடங்குகிறார். சொன்னது அத்தனையும் சரிதான். ஆனால் சற்று நேரத்தில் நெசவாளர் எழுந்து தறிக்குப் போய்விடுவார். பாவில் அறுந்த இழையை முடிய வேண்டாமா?

அதே விஞ்ஞானி வேறு விதமாகத் தொடங்கட்டும். தறியடியில் கிடக்கும் ஒரு பட்டு இழை, ஒரு பருத்தி நூல், ஒரு தலைமுடி. மூன்றையும் இடுக்கியால் பிடித்து, ஒவ்வொன்றாக விளக்குச் சுடரில் காட்டச் சொல்கிறார். பருத்தி, காகிதம் போல் எரிகிறது. பட்டு சுருண்டு கருகுகிறது. நெசவாளர் சிரிப்பார். அசல் பட்டா என்று பார்க்க அவர் வழக்கமாகச் செய்வதுதானே இது! ஆனால் முடியைக் காட்டியதும் அதே தீய்ந்த நாற்றம். "அது எப்படிங்க?" என்று கேள்வி அவரிடமிருந்தே வருகிறது. 'புரதம்' என்ற சொல்லுக்கு இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. (நீங்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும்.)

இந்த இரண்டாவது வழி விஞ்ஞானிகளுக்குத் தானாக வருவதில்லை. பழக வேண்டும். அப்படிப் பழகிய இடங்களில் ஒன்று மத்தியப் பிரதேசத்தில் அப்போது ஹோஷங்காபாத் எனப்பட்ட மாவட்டம். 1972இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில், சோதனை செய்தே அறிவியல் கற்கும் திட்டம் தொடங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலிருந்து விஞ்ஞானிகள் வந்து கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். உண்மையில் பயிற்சி பெற்றவர்கள் அவர்களும்தான் என்பேன். விலையுயர்ந்த கருவி கிடையாது. கையில் கிடைத்ததை வைத்தே காட்ட வேண்டும்.

1978இல் அங்கே வந்தார் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். டெல்கோ நிறுவன வேலையில் விடுப்பு எடுத்து வந்தவர். கிராமச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வு டியூப். அதில் ஒரு சிறு துண்டை நறுக்கி, இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினார். மடங்கக்கூடிய இணைப்பு தயார்!

நான்கு குச்சியில் சதுரம் செய்து பாருங்கள். விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்யுங்கள். எப்படித் தள்ளினாலும் வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்களும் மாற முடியாது. சதுரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காஞ்சியில் கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டுகிறவர்கள் நேராக மட்டும் கட்டுவதில்லை, குறுக்கே சாய்த்தும் மரம் கட்டுவார்கள். அந்தக் குறுக்கு மரம் சதுரத்தை இரண்டு முக்கோணம் ஆக்குகிறது. எந்த வடிவியல் நூலையும் பார்த்து அவர்கள் இதைச் செய்வதில்லை. அங்கே பேசப் போகும் விஞ்ஞானி முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹோஷங்காபாத் திட்டம் ஏறத்தாழ 1000 பள்ளிகள்வரை பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. வருத்தமான செய்திதான். ஆனால் தீக்குச்சி விளையாட்டு நிற்கவில்லை. அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் பல மொழிகளில் புத்தகமாகிவிட்டன.

சைக்கிள் கடையில் வால்வு டியூப் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உங்களுக்கு ஒரு வேலை. ஆறே குச்சிகளில் நான்கு முக்கோணங்கள் வர வேண்டும். எல்லாம் ஒரே அளவு. மூன்று குச்சிகள் சேரும் இடத்தில், டியூபில் முள்ளால் துளையிட்டு மூன்றாவதைச் செருகலாம். வரவில்லையா? மேசைமேல் படுக்கவைத்துத்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?