பக்கவாதத்திற்குப் பிறகு குறட்டையா? அலட்சியம் வேண்டாம்

"அப்பா ராத்திரி நல்லா தூங்கினாரு. குறட்டைச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுச்சு." பக்கவாதம் கண்டவர் உள்ள வீடுகளில் இப்படி நிம்மதியோடு சொல்வதைக் கேட்கலாம். அதே அப்பா காலை பத்து மணிக்கு நாற்காலியிலேயே தலை சாய்ந்து விடுவார். "வயசாயிடுச்சு, அந்த வியாதி அப்படி" என்று குடும்பத்தினரும் விட்டு விடுகிறார்கள். உண்மையில் அவர் இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடியிருக்கக்கூடும்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்து விடுகின்றன. மூச்சு 10 விநாடி அல்லது அதற்கும் மேலாக நின்று போகும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். உடனே மூளை அவரைப் பாதி விழிக்க வைக்கும். திணறலோடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 தடவைக்கு மேல் நேர்ந்தால் அது உறக்க மூச்சுத்தடை எனப்படும். 30 தடவையைத் தாண்டினால் கடுமையானது.

பக்கவாதம் கண்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு இக்கோளாறு இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. மாதங்கள், ஆண்டுகள் கடந்த பின்னரும் இது பலரிடம் நீடிக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியிருந்தும் இது ஏன் தெரிவதில்லை? குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கின்றனர். பக்கவாத நோயாளிகளில் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. சோர்வு, மறதி, எரிச்சல் ஆகிய எல்லாப் பழியும் பக்கவாதத்தின் மீதே விழுகிறது. பேச்சு இழந்தவரோ தம் சிரமத்தைச் சொல்லவும் முடியாது. இரவில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. பகலில் உடற்பயிற்சி சிகிச்சையில் மனம் ஊன்றுவதில்லை.

இதற்கு ஓர் இரவுப் பரிசோதனை போதும். மூச்சையும் பிராணவாயுவையும் அளக்கும் சிறு கருவியை வீட்டிலேயே பொருத்திக்கொண்டு உறங்கும் வசதியும் உண்டு. முதலில் கிளினிக் மருத்துவரிடம் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் 'சிபேப்' கருவியே முக்கிய சிகிச்சை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை அறிமுகப்படுத்தினார். இது அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் அப்பலன் தெரியவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரம்கூட அதை அணியவில்லை. ஆனாலும் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வும் தணிந்தது.

ஒரு கை செயலிழந்தவரால் முகமூடியைத் தாமே மாட்ட இயலாது. முதல் சில வாரங்கள் குடும்பத்தினர் பொறுமையோடு உதவ வேண்டும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் பலருக்கு உதவும். பலவீனமான தோளுக்குத் தலையணை கொடுக்க மறக்கக்கூடாது. மதுவையும், மருத்துவரைக் கேட்காமல் எடுக்கும் தூக்க மாத்திரையையும் தவிர்க்க வேண்டும்.

இன்றிரவு அவர் அருகில் சற்று நேரம் அமர்ந்து கேளுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சிறிது அமைதிக்குப் பின் திணறலோடு மீண்டும் தொடங்கினால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறவாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள்.