தாழிகள் பேசவேண்டுமானால்

மண்ணில் புதைந்த சரித்திரம் ஏட்டுச் சரித்திரத்தைப் போன்றதன்று. ஏட்டை நூறு பேர் நூறு முறை வாசிக்கலாம். புதைகுழியையோ ஒரே முறைதான் திறக்கலாம். தோண்டுகிறவன் கண்டதைக் கண்டபடி எழுதிவையானாயின், தான் படித்த பக்கத்தைத் தானே கொளுத்தியவனாகிறான். இவ்வுண்மைக்கு ஆதிச்சநல்லூரைவிடச் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை.

திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது அவ்வூர். அங்கே நூறு ஏக்கருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் முதுமக்கள் தாழிகள் நெருங்கிப் புதைந்து கிடக்கின்றன. இறந்தாரின் எலும்புகளோடு இரும்பு வாள்களும், ஈட்டிகளும், வெண்கலப் பாத்திரங்களும், பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் அங்கே கிடைத்தன. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான மட்கலங்களும் உண்டு. கலத்தைக் கவிழ்த்துச் சுடுங்கால், காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். நெருப்பை இவ்வாறு ஆண்ட குயவனை அநாகரிகன் என்று சொல்ல எவனுக்கு நா எழும்?

இச்செல்வம் என்னவாயிற்று? 1876-ம் வருஷத்தில் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டினார். எடுத்த பொருள்கள் பெர்லின் நகரம் சேர்ந்தன. 1899 முதல் 1905 வரை, தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ பல முறை தோண்டினார். அவர் கண்டவை சென்னை மியூசியத்தில் உள்ளன. அக்காலத்திலேயே லாபிக் என்ற பிரெஞ்சுக்காரரும் வந்து தோண்டிச் சிலவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அந்நியர் அள்ளிச் சென்றதை நினைக்க நம் நெஞ்சு கொதிப்பது இயற்கையே.

எனினும், கோபத்தினிடையே நியாயத்தை மறத்தல் தகாது. ரீ அந்நிய சர்க்காரின் உத்தியோகஸ்தர். ஆயினும் தாம் கண்டெடுத்தவற்றுக்கு ஜாபிதா எழுதி, அது 1915-ல் அச்சாயிற்று. சுதந்திர பாரதத்தில் நடந்தது என்ன? 2004, 2005-ம் வருஷங்களில் நமது தொல்பொருள் இலாகாவே அங்கே தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. பத்து வருஷங்கள் கடந்தும் முழு அறிக்கை வெளிவரவில்லை. விஷயம் மதுரை உயர்நீதி மன்றக் கிளை வரை சென்றது. வெள்ளையனைக் குறை கூறிய வாயால் இதற்கு என்ன சமாதானம் சொல்வோம்?

அறிக்கை என்பது வெறுங் காகிதமன்று. சில கலங்களில் நெல், தினை இவற்றின் உமி இருந்ததை ரீ குறித்துவைத்தார். அதன் காலத்தை அளக்கும் வழி அன்று உலகில் எவர்க்கும் தெரியாது. கரிமக் கணக்கு முறை 1949-ல்தான் வெளிவந்தது. பின்னர் அருகிலுள்ள சிவகளையில், ஒரு தாழியினுள் இருந்த நெல்மணிகளைச் சோதித்து, அவை கி.மு. 1155-ஐச் சார்ந்தவை என்று 2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தனர். பொன்னைத் தேடினவர் அற்பமென்று உதறியிருக்கக்கூடிய ஒரு பிடி தானியம், மூவாயிரம் வருஷத்துக் கதையைச் சொல்லிவிட்டது! நாளை எந்தத் தூசு பேசுமென்று இன்று யார் அறிவார்?

ஆகவே தேசாபிமானிகள் மேடையில் பழம்பெருமை பேசினால் மட்டும் போதாது. மூன்று காரியங்களைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தோண்டிய இடத்தின் அறிக்கை குறித்த தவணைக்குள் அச்சாகவேண்டும். எல்லாவற்றையும் நாமே தோண்டித் தீர்க்காமல், நம்மினும் அறிவு மிக்க சந்ததியாருக்கென்று ஒரு பகுதி நிலத்தைத் தொடாது விடவேண்டும். கண்ட பொருள்களை அவ்வூராரும் காண வழி வேண்டும். தோண்டிய குழிகளில் தாழிகளை இருந்தபடியே வைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே காட்டும் ஏற்பாடு 2023-ல் ஆதிச்சநல்லூரில் தொடங்கியது. அது நல்ல ஆரம்பம்.

ஆதாரத்துக்கு முந்தி ஓடும் பெருமை, பகைவன் கையில் நாமே கொடுக்கும் ஆயுதமாகும். ஆதாரத்தின் பின்னே நிதானமாக நடக்கும் பெருமையை எவராலும் அசைக்கமுடியாது. நம் முன்னோர் தம் இறந்தாரை அத்துணைச் சிரத்தையோடு மண்ணுக்கு ஒப்புவித்தனர். அவர்களை வெளியே எடுக்கும் நமக்கு அதிற் பாதிச் சிரத்தையேனும் வேண்டாமா?